தொண்டி நிலாவும் வீட்டுக்காரரின் செல்போனும்

கேள்வி: பௌர்ணமியன்று மாலை தொண்டிக் கடற்கரையில் நிலா தாம்பாளம் மாதிரி எழுந்து வந்தது. செல்போனில் எடுத்துப் பார்த்தால் சின்னப் புள்ளிதான் தெரிகிறது. "போன் பொய் சொல்லாது, உன் கண்தான் பொய்" என்கிறார் என் வீட்டுக்காரர். கண்ணால் பார்த்ததை நம்பக் கூடாதா?

பதில்: அளவு விஷயத்தில் அவர் சொல்வது சரிதான் சகோதரி. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பாருங்கள். கடல் மேல் இருக்கும் நிலாவும் மறைந்துவிடும், நடுராத்திரி உச்சியில் இருப்பதும் மறைந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய அரை டிகிரி அகலம்தான். சொல்லப்போனால் எழும் நிலா நமக்குச் சுமார் 6,400 கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறது, இம்மியளவு சின்னது!

அப்படியானால் பெரிதாக்கியது யார்? காற்று அல்ல, உங்கள் மூளை. 11-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த ஒளியியல் அறிஞர் இப்னு அல் ஹைதம் இது மனம் செய்யும் கணக்கு என்று எழுதிவிட்டார். இடையே படகும் வலையும் தண்ணீரும் விரிந்து கிடப்பதால் கடல் விளிம்பு வெகுதூரம் என்று படுகிறது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் இந்த அளவு தெரிகிறதென்றால் பெரிய பொருளாகத்தான் இருக்கும் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. முழு விளக்கத்தில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. விஷயம் தெரிந்த பிறகும் நிலா பெரிதாகத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான்.

போன் மட்டும் யோக்கியமா? அதன் லென்ஸ் ஒரே படத்துக்குள் சுமார் 70 டிகிரி அகலத்தை அடக்குகிறது, அதில் அரை டிகிரி நிலா புள்ளியாகத்தான் விழும். நேரில் பார்ப்பவர் யாரும் அவ்வளவு சின்னதாக நிலாவைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள். கடல் விளிம்பை ஒட்டி வரும் ஒளியைக் காற்று அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகவே வளைக்கிறது. நிலா முழுசாக எழுந்து கடலைத் தொட்டு நிற்பதாகத் தெரிகிறதே, அந்த நேரத்தில் அது உண்மையில் ஏறக்குறைய முழுவதும் விளிம்புக்குக் கீழேதான் இருக்கிறது. அவருடைய போன் படம்பிடித்தது இன்னும் எழாத நிலாவை!

அடுத்த பௌர்ணமிக்குக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே நிலாவைப் பாருங்கள். பலருக்கு அது சட்டென்று சுருங்கிவிடும். அவரையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக.