நீந்தும் குரங்கும் நீரில் கிடக்கும் கொறிணியும்

கேள்வி: போர்னியோத் தீவின் நீண்ட மூக்குக் குரங்குக்கும் தென் அமெரிக்கக் கேப்பிபராவுக்கும் விரல்களுக்கு இடையே சவ்வு உண்டு என்று என் மகள் படித்துச் சொன்னாள். அப்படியானால் இரண்டையும் ஒரே வகையான நீர்விலங்குகள் எனலாமா? ஒகேனக்கலில் பரிசலில் போனபோது நாங்கள் பார்த்த நீர்நாயும் கேப்பிபராவைப் போல ஒரு கொறிணிதானா (எலி, அணில் போலக் கொறித்துத் தின்னும் விலங்கா)?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: சவ்வை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், தலையைப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். கேப்பிபராவின் கண், காது, மூக்குத்துளை மூன்றும் தலையின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், உடல் முழுவதும் நீருக்குள் இருக்கும்போதே அது மூச்சு விடவும், ஜாகுவார் வருகிறதா என்று கவனிக்கவும் முடிகிறது. ஆபத்து நெருங்கினால் 5 நிமிடம் வரை மூழ்கியிருக்கும். இணை சேர்வதும் நீரில்தான். குரங்குக்கோ நீர் வெறும் வழி. ஆற்றோர மரத்தில் உறங்கி, மரத்திலேயே உண்டு, அக்கரைக்குப் போக வேண்டியபோது மட்டும் கிளையிலிருந்து வயிறு அடிபட ஆற்றில் குதித்து நீந்துகிறது. முதலைக்கு அஞ்சி, ஆறு குறுகலாக இருக்கும் இடத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். நீந்துவது மட்டுமே அளவுகோல் என்றால், தேவைப்பட்டபோது நன்றாக நீந்தும் நம் நாட்டுக் குரங்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், சவ்வைவிடச் சுவையான ஒப்பீடு இவற்றின் வயிற்றில் இருக்கிறது. இரண்டும் நார் மிகுந்த தாவர உணவை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்தே செரிக்கின்றன. குரங்குக்கு அந்த வேலை பல அறைகள் கொண்ட இரைப்பையில், அதாவது உணவுப்பாதையின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து, நம் வீட்டு மாட்டைப் போல அது அசைபோடுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கேப்பிபராவுக்கு நொதித்தல் குடலின் பின்பகுதியில் நடப்பதால் சத்தின் ஒரு பங்கு உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடுகிறது. அதை மீட்க, முயலைப் போலத் தன் மென்மையான கழிவையே அது காலையில் மறுபடி தின்கிறது. அருவருப்பாகத் தோன்றினாலும் சிக்கனமான ஏற்பாடு.

எடையில் கேப்பிபராவே பெரிது. ஆண் குரங்கு ஏறத்தாழ 20 கிலோவும் பெண் அதில் பாதியும் இருக்க, உலகின் மிகப்பெரிய கொறிணியான கேப்பிபரா 35 முதல் 65 கிலோ வரை வளரும்.

நீர்நாய் கொறிணி அன்று. அது நாய், பூனை ஆகியவை அடங்கும் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது. காவிரியில் அது தேடுவது மீனை. கேப்பிபராவின் உறவினரைப் பார்க்க வேண்டுமென்றால், செல்லப்பிராணிகள் விற்கும் கடையில் கூண்டுக்குள் இருக்கும் கினிப்பன்றியை மகளுக்குக் காட்டுங்கள்.