உ.வே.சா.வா, இளங்கோவா?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள், சிலப்பதிகாரம் பற்றிய செயல்திட்டத்தின் முடிவில் 'சிலப்பதிகாரம் – உ.வே. சாமிநாதையர், விக்கிப்பீடியா, கூகுள்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். துணைநூற்பட்டியலை எப்படி எழுத வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் கூகுளை அடித்துவிடுங்கள். அது தேடித் தரும் கருவிதான். தகவல் எந்தத் தளத்தில் இருந்ததோ, அதைத்தான் குறிக்க வேண்டும்.

அதிகக் கவனம் கேட்பது நூல். சிலப்பதிகாரத்தை இயற்றியவர் இளங்கோவடிகள். அதை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் 1892இல் அச்சேற்றிய பதிப்பாசிரியர் உ.வே.சா. நூலாசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர் என்று பிரித்துக் காட்டாவிட்டால், மேற்கோள் பாட்டிலிருந்து வந்ததா உரையிலிருந்து வந்ததா என்பதே தெரியாது. இப்படி எழுதட்டும்:

இளங்கோவடிகள். சிலப்பதிகாரம், அடியார்க்குநல்லார் உரையுடன். பதிப்பாசிரியர் உ.வே. சாமிநாதையர். ஊர்: பதிப்பகம், ஆண்டு.

ஊர், பதிப்பகம், ஆண்டு மூன்றும் பெரும்பாலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும். அங்கே முதற்பதிப்பு, மறுபதிப்பு என்று பல ஆண்டுகள் இருந்தால், கையில் உள்ள பிரதியின் ஆண்டையே எழுத வேண்டும். 1892 என்று போட்டுவிட்டு இன்றைய பதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்தால், ஆசிரியை புரட்டும்போது அந்த வரி அங்கே இராது. செய்யுளுக்குப் பக்க எண்ணைவிடக் காதையும் அடியும் நல்லது. 'தேரா மன்னா' என்பதற்கு 'வழக்குரை காதை, அடி 50' என்று குறித்தால் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடிக்கலாம்.

பதிவின் தொடக்கத்தில் வரும் பெயரில் மட்டும் முன்னெழுத்தைப் பின்னால் போடுங்கள்: 'வரதராசன், மு.' இது அகரவரிசைக்காக. ஆங்கில மாதிரியைப் பார்த்துக் கடைசிச் சொல்லை முன்னே தள்ளினால், மறைமலை அடிகள் 'அடிகள், மறைமலை' ஆகி 'அ'வில் போய் உட்கார்ந்துவிடுவார். நம் பெயர்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆங்கில நூல்கள் இருந்தால் தமிழ்ப் பட்டியல் முடிந்த பின் தனியாகத் தரலாம்.

விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரைத் தலைப்பு, தளத்தின் பெயர், பார்த்த தேதி, முழு முகவரி நான்கும் வேண்டும். கட்டுரையை யாரும் திருத்தலாம் என்பதால், அதன் வரலாற்றுப் பகுதிக்குப் போய் அன்றைய வடிவத்தின் முகவரியை எடுப்பது பாதுகாப்பு. கட்டுரையின் அடியில் உள்ள நூல்களையும் பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் உங்கள் மகள் அவற்றை எடுத்துப் படித்திருந்தால் மட்டும்.