மார்கழிப் பனியில் மஞ்சள் விளக்கு

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் விடியற்காலையில் ஏறும்போது, வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்குகிறது. மைலேஜும் குறைகிறது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டால் மிச்சமாகுமா?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அணைக்கவே அணைக்காதீர்கள் ஐயா. விளக்கு மினுக்கினால், வண்டி வழுக்கும்போது பிடித்து நேராக்கும் அந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வேலை செய்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால்தான் கோளாறு, அப்போது ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். போன மார்கழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில், ஈரமான சில்வர் ஓக் சருகின் மேல் என் வண்டியின் பின்பக்கம் வெளியே இழுத்தது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. முன்சக்கரம் ஒன்றில் மட்டும் ‘டர்ர்’ என்று பிரேக் பிடித்து, வண்டி நேரானது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஸ்டீயரிங் திரும்பிய பக்கம் வண்டி திரும்புகிறதா என்று சென்சார்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பெட்ரோல் செலவு இல்லை என்றே சொல்லலாம்.

மைலேஜைத் தின்பது ஏற்றமும் குளிர்ந்த இன்ஜினும்தான். ஆறின இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கும். நிறுத்தி வைத்துச் சூடேற்றாமல், அரை நிமிடத்தில் கிளம்பி நிதானமாக ஓட்டுங்கள். அப்புறம் டயர் காற்று: 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 2 பி.எஸ்.ஐ. இறங்கும். விடியற்காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள்.