பூனைக்கு இரவில் விளக்கு எரியவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் வெள்ளைப் பூனைக்கு ஒன்பது வயது. ஒரு கண் மஞ்சள், மற்றது நீலம். இரவில் டார்ச் அடித்தால் மஞ்சள் கண் பச்சையாக ஒளிர்கிறது, நீலக் கண் சிவப்பாகத் தெரிகிறது. இது ஏதாவது கோளாறா? அது நடமாடுவதற்காக ராத்திரி முழுக்க விளக்கு எரிய வேண்டுமா?

பதில்: விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். நமக்குக் கண் தெரியத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருந்தால் பூனைக்குப் போதும். ஜன்னல் வழியாகக் கசியும் ஒளியே அதற்குத் தாராளம். துளி வெளிச்சமும் புகாத அறையில் மட்டும் பூனைக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே மீசையையும் காதையும் நம்பித்தான் நடக்கும்.

கண் 'ஒளிர்கிறது' என்கிறோமே தவிர, அது தானாக ஒளி விடுவதில்லை. விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான படலம் ஒன்று இருக்கிறது. லத்தீனில் டபீட்டம் லூசிடம், அதாவது 'ஒளிரும் விரிப்பு'. விழித்திரையிலுள்ள குச்சி செல்கள் பிடிக்கத் தவறிய ஒளியை அது திருப்பி அனுப்பி, அவற்றுக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறது. அப்போதும் சிக்காமல் வெளியேறும் மிச்சம்தான் நீங்கள் பார்க்கும் பச்சை. அந்த ஒளி வந்த வழியே திரும்புவதால், டார்ச்சை உங்கள் நெற்றியோரம் பிடித்தால் பளிச்சென்று தெரியும். கையைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டிப் பிடித்தால் மங்கிவிடும். ஓரிரு நொடி பார்த்தால் போதும், பாவம், அதற்குக் கண் கூசும்.

நீலக் கண்களில் பெரும்பாலும் இந்தப் படலம் இருப்பதில்லை. அங்கே ஒளி ரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்புவதால் சிவப்பு. பிளாஷ் படங்களில் நம் கண் சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே உங்கள் பூனையின் இரண்டு நிறமும் பிறவி வாகு, நோயல்ல.

படலம் இல்லாமலே இரவை ஆள்கிற ஆந்தை கண்ணின் அளவை வைத்துச் சமாளிக்கிறது. குழாய் போல நீண்ட அந்தக் கண் குழிக்குள் அசையாது. அதனால்தான் தலையை 270 டிகிரி வரை திருப்புகிறது.

இரவுப் பார்வைக்குப் பூனை கொடுக்கும் விலை, தெளிவு. பல குச்சி செல்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே செய்தியாக அனுப்புவதால் மங்கிய ஒளியும் எட்டுகிறது, ஆனால் உருவத்தின் ஓரங்கள் மழுங்கிவிடுகின்றன. மூக்குக்கு நேர்கீழே போட்ட தீனியைப் பூனை துழாவித் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 25 செ.மீ.க்கும் அருகில் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. அதைப் பார்வைக் கோளாறு என்று எண்ணிப் பதற வேண்டாம்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. பூனையின் கண்பாவை இரவில் வட்டமாக விரியும், பகலில் கோடாகச் சுருங்கும். அதன் பரப்பு 135 மடங்கு வரை மாறும். மனிதருக்கு இது 15 மடங்குதான். நல்ல வெயிலிலும் பாவை அகன்றே இருந்தால், அல்லது கண்ணின் பளபளப்பு முன்பைவிடக் கூடியதுபோல் தோன்றினால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரை மெலிந்தால் அது உறிஞ்சும் ஒளி குறையும், வெளியேறும் மிச்சம் கூடும். கண் முன்பைவிட அழகாக மின்னுவதாக வீட்டார் மகிழ்வார்கள், பூனையோ பார்வையை இழந்துகொண்டிருக்கும்.

டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை இப்படிக் கெடும். நாய்த் தீனியை மட்டுமே போட்டு வளர்த்தால் இந்த ஆபத்து உண்டு. வயதான பூனைகளுக்கு ரத்த அழுத்தம் கூடினால் விழித்திரை திடீரென்று பிரிந்துபோகலாம். ஒன்பது வயதாகிவிட்டதால், அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு நாள் காலையில் பூனையை ஜன்னலோரம் உட்கார வைத்து, பாவைகள் இரண்டும் ஒரே மாதிரி கோடாகச் சுருங்குகின்றனவா என்று பாருங்கள்.