கிரிமினாலஜியா, விஸ்காமா? காமர்ஸ் குரூப் முடித்த கோபிப் பெண்ணுக்கு எது சரி?

கேள்வி கேட்டவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். மகள் பிளஸ் டூ காமர்ஸ் குரூப் முடித்திருக்கிறாள். போலீஸ் வேலையிலும் ஆசை, டிவி நிருபர் வேலையிலும் ஆசை. பி.ஏ. கிரிமினாலஜியில், அதாவது குற்றவியலில், சேர்ப்பதா, விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷனில் சேர்ப்பதா என்று குழப்பம். கோவையைத் தாண்டி அனுப்ப வீட்டில் மனசில்லை.

கோவை, திருப்பூர் கோர்ட்டுகளில் கிரைம் நிருபராக ரொம்ப காலம் அலைந்தவன் நான். இப்போது விஸ்காம் பிள்ளைகளுக்கு ஊடகச் சட்டம் எடுக்கிறேன். என் ஓட்டு கிரிமினாலஜிக்கு. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லைங்க.

போலீஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். பி.காம். படித்தவரும் எழுதலாம், பி.ஏ. தமிழ் படித்தவரும் எழுதலாம். தமிழ்த் தகுதித் தேர்வில் நூற்றுக்கு 40 எடுக்க வேண்டும், அப்புறம் எழுத்துத் தேர்வு, உயரம், ஓட்டம், நேர்காணல். 'கிரிமினாலஜி படித்தால் நேரா எஸ்.ஐ. தான்' என்று அட்மிஷன் சீசனில் யாராவது சொன்னால், அவர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறதா என்று கேட்பதில் அதிகப் புண்ணியம் உண்டு; அதற்குத் தேர்வில் தனி மதிப்பெண் இருக்கிறது.

தடய அறிவியலும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும். மாநிலங்கள் இதற்குத் தயாராக ஐந்து ஆண்டு அவகாசம். ஆக ஆள் தேவை கூடும். கோவையிலும் சேலத்திலும் வட்டார ஆய்வகங்கள் உள்ளன. ஆனால் அங்கே உள்ளே போக கெமிஸ்ட்ரி, பயாலஜி மாதிரி அறிவியல் படிப்பு வேண்டும். காமர்ஸ் குரூப் படித்த அம்மிணிக்கு அந்த வழி இல்லை.

சரி, பின்னே ஏன் கிரிமினாலஜி? அதில் இருக்கும் பாடங்களுக்காக. ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், சிறை அவனை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு முடிந்தபின் என்ன மிச்சம், சிறார் நீதிக் குழுமம் எப்படி இயங்குகிறது என்று மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கிற வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. கோவை மத்திய சிறை என்றால் நமக்கு வ.உ.சி. இழுத்த செக்குதான் நினைவுக்கு வரும். தண்டனையியல் படிக்கிற பிள்ளை, கடுங்காவல் என்ற பெயரில் ஓர் அரசு ஒரு வக்கீலைச் செக்கில் பூட்டியது எந்தக் கொள்கையின் பேரில் என்று கேட்கும்.

பொள்ளாச்சி பாலியல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் போலீஸ் அதிகாரியின் பேட்டியிலேயே வெளிவந்தது, அரசாணையிலும் அச்சானது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. இப்போது அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆவது பிரிவு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சிகள் யாரும் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. எனக்குத் தீர்ப்பைவிடப் பெரிய செய்தி அதுதான். பயந்துபோன பெண்களைக் கடைசிவரை நிற்க வைப்பது எப்படி என்பது கேமரா வகுப்பில் வராது. விஸ்காம் பாடத்திட்டத்தில் ஊடகச் சட்டம் ஒரு தாளோடு முடிகிறது. என் வகுப்பில் அந்த ஒரு தாளுக்குள் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடத் தடை போடும் போக்சோ 23ஆவது பிரிவு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு எல்லாவற்றையும் ஓட்டியே தீர வேண்டும்.

கேமராவையும் எடிட்டிங்கையும் வெளியில் கற்றுக்கொள்ளலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கேட்டலாக் எடுக்கும் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. லீவில் உதவிக்கு ஆள் கேட்பார்கள். இதழியல் முதுநிலைக்கும் எந்தப் பட்டமும் செல்லும். டிகிரிக்குப் பிறகு மூன்றாண்டு சட்டமும் படிக்கலாம்: கோவையில் அரசு சட்டக் கல்லூரி உண்டு, 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் வந்துவிட்டன. குற்றவியலிலேயே மேலே போக வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகமோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரோ; அப்போது வீட்டுக்காரர்கள் கொஞ்சம் மனசு மாறத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கோவையில் விஸ்காம் வேரூன்றிய படிப்பு. பி.எஸ்.ஜி. கலை அறிவியல், ஜி.ஆர்.டி. மாதிரி இடங்களில் ஸ்டுடியோவும் சீனியர்களும் இருக்கிறார்கள். கிரிமினாலஜி அப்படி இல்லை. குற்றவியலில் முதுநிலை படித்த முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், சிறைக்கும் சிறார் கூர்நோக்கு இல்லத்துக்கும் பிள்ளைகளை உண்மையில் அழைத்துப் போகிறார்களா என்று கேளுங்கள். பதில் இழுவையாக இருந்தால் அந்த இடத்தில் கிரிமினாலஜி வேண்டாம், நல்ல விஸ்காம் துறையே மேல்.

முடிவு எடுக்குமுன் மகளை கோபி கோர்ட்டில் ஒரு முழு நாள் உட்கார வையுங்கள். பாலியல் வழக்குகள் போன்ற சில தவிர மற்ற விசாரணைகளை யாரும் போய்ப் பார்க்கலாம். பாதிக்கு மேல் வாய்தாவாகத்தான் இருக்கும், போரடிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த வழக்கு என்னவாகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கிரிமினாலஜி. மத்தியானமே 'அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க' என்று போன் வந்தால் விஸ்காமுக்கு அப்ளிகேஷன் போட்டுவிடுங்கள்.