வாசகர் கேள்வி பதில்: மூன்றாம் வகுப்போடு நின்ற ம.பொ.சி.

போன இதழில் திருத்தணி பற்றி எழுதும்போது விடுதலைப் போராட்ட வீரரும் தமிழறிஞருமான ம.பொ.சிவஞானத்தின் (ம.பொ.சி.) பெயரைச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவரைப் பற்றித்தான். இந்த வாரம் அவருக்கே ஒதுக்கிவிடலாம்.

மூன்றாம் வகுப்புதான் படித்தார் என்கிறீர்கள். சாகித்ய அகாதமி விருது வாங்கும் அளவுக்கு எங்கே கற்றார்?
(கல்லூரி மாணவி, ஆவடி)

பாதி அச்சுக்கூடத்தில், மீதி சிறையில். 1906 ஜூன் 26 அன்று சென்னை ஆயிரம்விளக்குப் பக்கம் சால்வன்குப்பத்தில் பிறந்தவர், வீட்டு வறுமையில் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோக, நெசவு வேலைக்குப் போனார், அப்புறம் அச்சுக் கோர்க்கும் வேலைக்கு. டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' பத்திரிகையில் அச்சுக் கோர்த்தார். அந்தக் காலத்து அச்சுக் கோர்ப்பு என்றால் ஒவ்வோர் ஈய எழுத்தையும் கையால் பொறுக்கி அடுக்க வேண்டும், எழுத்து இடவலம் மாறித் தெரியும், ஒரு ஒற்று விட்டுப்போனாலும் பிழை திருத்துபவர் திருப்பி அனுப்புவார். அன்றைய அரசியல் முழுவதும் நாள்தோறும் அவர் விரல் வழியாகப் போயிற்று. இதைவிடக் கறாரான தமிழ் வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி, வெகுதூரத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பிடித்த வயிற்று நோய் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. ஆனால் சங்க இலக்கியத்தையும் சிலப்பதிகாரத்தையும் ஊன்றிப் படித்தது சிறையில்தான். பின்னாளில் ரா.பி.சேதுப்பிள்ளை அவருக்குச் 'சிலம்புச் செல்வர்' என்று பட்டம் கொடுத்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், பள்ளியை முடிக்காத ஒருவருக்குக் கொடுத்த பட்டம் அது.

கள் இறக்கும் சமூகத்தில் பிறந்தவர் மதுவிலக்கை ஆதரித்தாரா?
(வாசகர், செங்கல்பட்டு)

ஆமாம், முழு மனதோடு. சொந்தச் சமூகத்தின் பிழைப்பே அதுதான் என்று தெரிந்தும் பிரசாரம் செய்தார். அதற்காகத் தம்மவர்களிடமே எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார்.

சென்னை ஆந்திராவுக்குப் போகாமல் காத்தவர் ராஜாஜிதானே? ம.பொ.சி.க்கு ஏன் இவ்வளவு பெருமை?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ராஜாஜியின் பங்கைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அப்போது அவர்தான் முதலமைச்சர். ஆந்திராவுக்குத் தற்காலிகத் தலைநகராகக்கூடச் சென்னையைத் தர முடியாது என்று உறுதியாக நின்றார். ஆனால் முதலமைச்சர் அப்படி நிற்க வேண்டுமானால் ஊர் அவர் பின்னால் நிற்க வேண்டும் இல்லையா? அந்த ஊரைத் திரட்டியவர்களில் முதல் பெயர் ம.பொ.சி.யுடையது.

1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு தெலுங்கருக்குத் தனி மாநிலம் கேட்டு இதே சென்னையில் உண்ணாவிரதம் இருந்து உயிரைவிட்டார். மொழிக்கு ஒரு மாநிலம் என்ற அவருடைய கோரிக்கை நியாயமானது, ம.பொ.சி.யின் கொள்கையும் அதுதான். சண்டை எல்லையைப் பற்றியது. 'மதராஸ் மனதே' (சென்னை நம்முடையதே) என்று அந்தப் பக்கம் முழக்கம் எழுந்தபோது, இந்தப் பக்கம் 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்றார் இவர். மாநகராட்சி மேயராக இருந்த செங்கல்வராயனோடு சேர்ந்து நின்றார், சென்னை தமிழருக்கே என்று மாநகராட்சியும் தீர்மானம் போட்டது. 1953 மார்ச்சில் நேரு நாடாளுமன்றத்தில், தகராறு இல்லாத தெலுங்குப் பகுதிகளைக் கொண்டே ஆந்திரா அமையும் என்று அறிவித்தபோதுதான் நகரம் மூச்சுவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழரசுக் கழகத்தை அவர் தொடங்கியது 1946 நவம்பரில், சுதந்திரம் வருவதற்கும் முன்பே. காங்கிரசுக்குள் இருந்துகொண்டே, வெள்ளைக்காரன் போன பிறகு தமிழர்களுக்கு என்ன மாநிலம், அதன் எல்லை எது, அதற்கு என்ன அதிகாரம் என்று கேட்டார். கட்சி அதை ரசிக்கவில்லை, கடைசியில் காங்கிரசை விட்டே வெளியேற நேர்ந்தது.

நான் திருத்தணிக்காரன். திருப்பதி போய்விட்டதே, அது அவருடைய தோல்விதானே?
(வாசகர், திருத்தணி)

தோல்விதான், அவர் மனத்தில் கடைசிவரை ஆறாத ஒன்று. 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்று, அதாவது திருப்பதி மலையை விடமாட்டோம் என்று கிளம்பியவருக்கு வேங்கடம் கிடைக்கவில்லை, சித்தூரும் காளஹஸ்தியும் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரும் 1953-இல் ஆந்திராவோடு சேர்ந்துதான் போயிற்று என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. அந்தப் பகுதியில் ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மங்கலங்கிழார் ம.பொ.சி.யை அழைத்துவந்தார். கூட்டம், மறியல், கைது என்று பல வருடம் நடந்தது. பிறகு எல்லைத் தகராறை விசாரித்த பட்டாஸ்கரின் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பியது. உங்கள் பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிப்பதற்குப் பின்னால் அத்தனை பேருடைய சிறைவாசம் இருக்கிறது.

வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்ற எல்லை அவராகக் கற்பனை செய்துகொண்டது இல்லை. சிலப்பதிகாரம் தமிழின் எல்லையாகச் சொல்வதே அந்தக் குன்றையும் அந்தக் கடலையும்தான். சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த காப்பியத்தை மேடைமேடையாகப் பேசியதும், எல்லைக்காக மறியல் செய்ததும் அவருக்கு வேறுவேறு வேலைகள் அல்ல. இலக்கியவாதி ம.பொ.சி., அரசியல்வாதி ம.பொ.சி. என்று பிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

திராவிட நாடு கோரிக்கையைக் கடுமையாக எதிர்த்தவர், 1967-இல் தி.மு.க. ஆதரவோடு எப்படி சட்டமன்றம் போனார்?
(வாசகர், ஈரோடு)

அதற்குள் தி.மு.க. பிரிவினையைக் கைவிட்டிருந்தது. இந்தியாவுக்குள் தன்னாட்சியுள்ள தமிழகம் என்ற தம் பேச்சுக்கு அவர்கள் நெருங்கிவந்துவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம் என்பது என் ஊகம். தியாகராய நகரில் வென்றார், அதே 1967 ஜூலையில் தமிழ்நாடு என்று பெயர் மாற்றக் கோரும் தீர்மானம் அந்தச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பிறகு மேலவைக்குப் போனார். 1986-இல் மேலவை ஒழிக்கப்பட்டபோது அதன் தலைவர் அவரே.

அவர் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?
(வாசகி, மதுரை)

வ.உ.சி. 1936-இல் வறுமையோடு மறைந்தார். அவரைத் தமிழர் நினைவுக்குத் திரும்பக் கொண்டுவந்ததில் 'கப்பலோட்டிய தமிழன்' நூலுக்குப் பெரிய பங்கு உண்டு, 1961-இல் வந்த படமும் அதை வைத்துத்தான். அதில் தொடங்குங்கள், சின்னப் புத்தகம். கட்டபொம்மன் பற்றி எழுதியதையும் பலர் பரிந்துரைப்பார்கள், ஆனால் அதில் வழக்கறிஞர் வாதாடுவதுபோல ஒரு பக்கமாகவே பேசுகிறார் என்பது என் அபிப்பிராயம். 1966-இல் அகாதமி விருது பெற்ற 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' ஆழமானது, கொஞ்சம் பொறுமை வேண்டும். தன்வரலாறான 'எனது போராட்டம்' பெரிய புத்தகம். விடுமுறையில் எடுத்துக்கொள்ளுங்கள், அச்சுக்கூடத்து நாட்களும் அமராவதியும் அவர் வாயாலேயே வரும். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, அதனால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, விலையும் அதிகம் இருக்காது.