ஆர்கானிக் காய்கறிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைந்ததுதான் ஆர்கானிக். சத்து அதிகம் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே. 2012-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை; பூச்சிக்கொல்லி எச்சம்தான் குறைவாக இருந்தது. காரணம், சத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது ரகம், மண், பறித்து எத்தனை நாளாயிற்று என்பவை. விறகடுப்பில் பொங்கினாலும் கேஸில் பொங்கினாலும் அரிசி அதே அரிசிதானே! வாடிய ஆர்கானிக் கீரையைவிட இன்று காலை பறித்த சாதாரணக் கீரையையே நான் எடுப்பேன்.

தோலோடு தின்னும் திராட்சை, தக்காளிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். வாழைப்பழத்துக்கு அவசியமில்லை. பாக்கெட்டில் வாங்கினால் ஆர்கானிக் என்று சான்று தரும் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்காதது என்று பலர் நினைக்கிறார்கள். வேப்பெண்ணெய்க்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைக்கும் அதில் கட்டுப்பாட்டோடு இடமுண்டு, அதனால் அதையும் கழுவித்தான் சாப்பிட வேண்டும்.